லப்யதய்க்கு அனுசரிச்சு

எங்கள் வார்டின் கிராமசபை போன மாதம் அங்கன்வாடித் திண்ணையில் நடந்தது. நோட்டீஸில் பத்து மணி. மெம்பர் அக்கா மைக்கைத் தட்டும்போது பதினொன்றே கால். கோரம் சேர வேண்டுமே! வார்டில் ஓட்டு உள்ளவர்கள் 1,100 பேருக்குக் கொஞ்சம் மேல். அதில் பத்தில் ஒரு பங்காவது வந்தால்தான் சபை. தொழிலுறப்பு, அதாவது நூறு நாள் வேலைப் பெண்கள் கூட்டமாக வந்து சேர்ந்ததால் எண்ணிக்கை தேறியது. ஆண்களில் பாதிப் பேர் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்கள், வழக்கம்போல.

நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம். கேரளா என்றாலே மழை என்று நினைப்பவர்கள் மார்ச் மாதம் இங்கே வந்து பார்க்கலாம். என் தங்கையைப் பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவர்கள் ஊரில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று நாள் வைத்து, முழுப் பஞ்சாயத்துக்கும் சேர்த்து ஒரே கிராமசபை. இங்கே வார்டுக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட்ட வேண்டும். ஊருக்கு எது வேண்டும் என்று ஊர்க்காரர்களே தீர்மானிக்கும் மக்கள் திட்டம் 1996இல் கேரளாவில் வந்தபோது மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கினார்கள். அதனால் எங்கள் திண்ணைப் பேச்சுக்குப் பின்னால் நிஜமாகவே பணம் உண்டு. சண்டையும் நிஜமாகவே நடக்கும்.

இந்தத் தடவை சண்டை, கிணறா ரோடா என்பது. கோயில் பக்கத்துப் பஞ்சாயத்துக் கிணற்றில் கைப்பிடிச்சுவர் இடிந்து கிடக்கிறது. மோட்டார் கருகி இரண்டு கோடை ஆயிற்று. பிப்ரவரி பிறந்தால் டேங்கர்தான். ரோட்டுக்காரர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. மழை பெய்தால் தோட்டத்துப் பாதையில் பால் வண்டி ஏறாது. கேனைத் தலையில் வைத்துக்கொண்டு அரைக் கிலோமீட்டர் நடக்கிறார்கள். ஆழியாற்றிலிருந்து மணக்கடவு வழியாக எங்கள் பக்கத்துக்கு வருஷம் 7.25 டிஎம்சி தர வேண்டும் என்று இரண்டு மாநிலமும் 1970இல் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. அந்தக் கணக்கெல்லாம் வாய்க்காலுக்கு. எங்கள் குடத்துக்கு அந்த ஒரு கிணறுதான்.

கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். நானே எண்ணினேன். கிணற்றுக்கு 62, ரோட்டுக்கு 31. சரி, முடிந்தது என்று பாயைச் சுருட்டப் போனோம். மினிட்ஸ் புத்தகம் கையெழுத்துக்குச் சுற்றி வந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷமாக அந்தப் புத்தகத்தில் படிக்காமலேதான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பத்தாவது வரை தமிழ் மீடியம் படித்த தையல்காரி நான். மகள் இரண்டாவது படிக்கும்போது அவள் பாடப் புத்தகத்தில்தான் மலையாளம் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டேன். அன்றைக்குக் கண்ணாடியை மறக்காமல் கொண்டுபோயிருந்தேன், அவ்வளவுதான் காரணம்.

முதல் வரியில் தோட்டத்து ரோடு கான்கிரீட். இரண்டாவதாகத்தான் கிணறு. அதற்குப் பக்கத்தில் ஒரு வால்: 'ஃபண்டின்டெ லப்யதய்க்கு அனுசரிச்சு.'

எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆத்தா, நான் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு, "லப்யதையா? அது யாரு அம்மிணி, புது ஆபீசரா?" என்றார்.

"பணம் இருந்தாக் குடுப்பாங்கன்னு அர்த்தம் ஆத்தா."

"இல்லீன்னா?"

எழுந்து நின்றேன். கை கொஞ்சம் நடுங்கியது. "சார், கிணறுதானே முதல்னு கை தூக்கினோம்?" என்றேன். எழுதிய உத்தியோகஸ்தர் முகம் மாறாமல், "ரெண்டும் உண்டல்லோ சேச்சி" என்றார். இரண்டும் உண்டுதான். வரிசை இல்லை. வரிசைக்காகத்தானே இரண்டு மணி நேரம் தொண்டை வற்றக் கத்தினோம்! அவர் வேண்டுமென்றே மாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். வந்த வேகத்தில் போன வருஷப் பட்டியலைப் பார்த்து எழுதியிருக்கலாம். ஆனால் யாரும் படிக்க மாட்டார்கள் என்ற தைரியம் அவருக்கு இருந்தது. அந்தத் தைரியத்தைக் கொடுத்தது நாங்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சபையில் மலையாளம் பேசியவர் அவர் ஒருவர்தான். மெம்பர் அக்கா பேசியது தமிழ், ரோட்டுக்காரர்கள் கத்தியது தமிழ், ஆத்தா திட்டியது சுத்தமான கொங்குத் தமிழ். புத்தகத்துக்குள் போகும்போது மட்டும் எல்லாரும் மலையாளி ஆகிவிட்டோம். மலையாளத்தின்மேல் எனக்குக் கோபம் கிடையாது. என் மகள் தூக்கத்தில் உளறுவதே மலையாளத்தில்தான். ஆனால் மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் அரசு ஆபீசுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்று 1969 சட்டம் சொல்கிறது. தமிழில் கடிதம் எழுதலாம் என்றால், என் கையெழுத்துக்கு மேலே இருப்பதைத் தமிழில் ஒரு தடவை வாசித்துக் காட்டக் கூடாதா? கேட்டேன். மெம்பர் அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுப் புத்தகத்தை வாங்கி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். டீக்கடையிலிருந்து நாலு பேர் திரும்பி வந்து நின்று கேட்டார்கள். இரண்டு வரிகளும் அடிக்கப்பட்டு, கிணறு மேலே ஏறியது. வாலை மட்டும் எடுக்க மாட்டேன் என்றார் உத்தியோகஸ்தர். எல்லாத் திட்டத்துக்கும் அது உண்டாம். அப்படியென்றால் ரோட்டுக்கும் போடுங்கள் என்றேன். போட்டார்.

இந்தப் பட்டியல் இனி பஞ்சாயத்தின் வளர்ச்சி செமினாருக்குப் போகும், அப்புறம் பஞ்சாயத்துக் கமிட்டி, அப்புறம் மாவட்டத் திட்டக் கமிட்டி. அங்கெல்லாம் கண்ணாடியோடு நான் போய் உட்கார முடியாது.

ரோட்டுக்காரர்களில் முன்னால் நின்று கத்திய அண்ணன் அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவர் மனைவியின் இரண்டு ஜாக்கெட் தைத்து முடித்து என் மெஷின் மேலேயே கிடக்கிறது. மூன்று வாரமாயிற்று, இன்னும் வாங்க வரவில்லை.