பூட்டு யார் கையில் இருந்தது: க்ராஷ் கருவியில் ஒரு தேடல்

நான் பராமரிக்கும் லினக்ஸ் சர்வர் ஒன்றில், சிபியு ஏறத்தாழ வேலையின்றி இருக்கும்போதே லோட் ஆவரேஜ் (ஓடும், காத்திருக்கும் ப்ராசஸ்களின் சராசரி எண்ணிக்கை) மட்டும் ஏறிக்கொண்டே போனது. சிக்னலால் எழுப்ப முடியாதபடி காத்திருக்கும் 'டி' நிலை ப்ராசஸ்களையும் லினக்ஸ் அந்த எண்ணில் சேர்த்துக்கொள்வதால், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஏதோ அடைபட்டு நிற்கிறது என்பது புரிந்தது. 120 வினாடிகளுக்கு மேல் முடங்கிய ப்ராசஸ்களைப் பற்றிய எச்சரிக்கைகள் கெர்னல் லாக்கில் இருந்தன. ஆனால் இயல்பான அமைப்பில் அந்த எச்சரிக்கை 10 முறை வந்ததும் நின்றுவிடும்; முடங்கியிருந்தவையோ அதைவிட மிக அதிகம். அதோடு, காத்திருப்பது யார் என்று அந்த லாக் சொன்னதே தவிர, காக்க வைத்திருப்பது யார் என்று சொல்லவில்லை. எனக்குத் தேவைப்பட்டது இரண்டாவது விடை.

கெர்னல் வீழும்போது அதன் நினைவகத்தைச் சேமிக்கும் கேடம்ப் ஏற்கெனவே அமைக்கப்பட்டிருந்ததால், சிஸ்ஆர்கியூ என்ற அவசரக் கட்டளை வழியாகக் கெர்னலை வேண்டுமென்றே வீழ்த்தி, அந்த நினைவகத்தின் நகலான விஎம்கோர் கோப்பைப் பெற்றேன். அந்த நகலை வடிகட்டும் மேக்டம்ப்ஃபைல் என்ற கருவி 31 என்ற அளவில் இயங்கும்போது, வெற்றுப் பக்கங்கள், கேஷ், பயனர் நினைவகம் ஆகியவற்றை விட்டுவிட்டுக் கெர்னலின் சொந்தத் தரவை மட்டும் எடுத்துவைக்கிறது. இத்தகைய தேடலுக்கு அதுவே போதும். இதனுடன், டீபக் தகவல் (தரவமைப்புகளின் பெயர், இட விவரம்) அடங்கிய, விஎம்லினக்ஸ் என்ற கெர்னல் கோப்பும் வேண்டும். அது ஓடிக்கொண்டிருந்த அதே கெர்னல் பில்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். பதிப்பு எண்ணின் கடைசிப் பகுதி மாறினால்கூடத் தரவமைப்புகளின் இடங்கள் மாறிவிடலாம்.

இந்த இரண்டு கோப்புகளையும் படித்துக் கெர்னலின் நிலையைக் காட்டும் க்ராஷ் கருவியைத் திறந்ததும், 'ஃபோர்ஈச் யுஎன் பிடி' என்ற கட்டளையைக் கொடுத்தேன்; 'டி' நிலையைத்தான் க்ராஷ் 'யுஎன்' என்று குறிக்கிறது. முடங்கிய ஒவ்வொரு ப்ராசஸின் ஸ்டாக்கும், அதாவது அது எந்தெந்த ஃபங்ஷன்கள் வழியாக வந்து நிற்கிறது என்ற பதிவும், வரிசையாக வந்தது. அவற்றில் பெரும்பாலானவை ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையின் ஜர்னலில் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேட்டில்) இடம் கிடைப்பதற்காகக் காத்திருந்தன. ஜர்னல் நிரம்பும்போது, பழைய பரிவர்த்தனைகளின் தரவை வட்டில் அதற்குரிய இடத்தில் எழுதி முடித்தால்தான் புதியவற்றுக்கு இடம் கிடைக்கும். செக்பாயிண்ட் எனப்படும் அந்த வேலையை ஒரு நேரத்தில் ஒரே ப்ராசஸ்தான் செய்ய முடியும். அதற்கென ஜர்னல் அமைப்புக்குள்ளேயே ஒரு மியூடெக்ஸ், அதாவது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே வைத்திருக்கக்கூடிய பூட்டு, இருக்கிறது. அத்தனை பேரும் நின்றிருந்தது அந்தப் பூட்டின் வாசலில்தான்.

இதற்குப் பிறகுதான் இந்தக் கருவியின் உண்மையான அருமை தெரிகிறது. 'பிடி' கட்டளையை '-எஃப்' உடன் கொடுத்தால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் (ஒரு ஃபங்ஷனுக்குரிய ஸ்டாக் பகுதியிலும்) உள்ள ஸ்டாக் தரவை அப்படியே காட்டும். அழைக்கும் ஃபங்ஷனை 'டிஸ்' கட்டளை கொண்டு இயந்திரக் கட்டளைகளாகப் பிரித்துப் பார்த்து, ஜர்னலின் முகவரி சிபியுவின் எந்த ரிஜிஸ்டரில் இருந்தது, அந்த ரிஜிஸ்டர் ஸ்டாக்கில் எங்கே சேமிக்கப்பட்டது என்று பொறுமையாக ஒப்பிட்டு முகவரியை எடுத்தேன். அதை, தரவமைப்பின் புலங்களைக் காட்டும் 'ஸ்ட்ரக்ட்' கட்டளைக்குக் கொடுத்து மியூடெக்ஸின் ஓனர் புலத்தைப் பார்த்தபோது, அது நீண்ட எதிர்மறை எண்ணாகத் தெரிந்தது. '-எக்ஸ்' சேர்த்ததும் அதே எண் பதினாறடிமான முகவரியாக, 1 என்ற இலக்கத்தில் முடிந்து நின்றது. அந்த 1 முகவரியின் பகுதி அன்று. ஓனர் புலத்தின் கடைசி மூன்று பிட்டுகளைக் கெர்னல் கொடிகளாகப் பயன்படுத்துகிறது. 1 என்றால் பூட்டுக்காக வேறு யாரோ காத்திருக்கிறார்கள் என்று பொருள். அதை 0 ஆக்கினால் கிடைப்பதுதான் பூட்டை வைத்திருக்கும் ப்ராசஸின் டாஸ்க் முகவரி (அந்த ப்ராசஸைப் பற்றிய கெர்னல் பதிவின் முகவரி). இவ்வளவு சிறிய இடத்தில் இரண்டு செய்திகளை அடக்கியிருக்கும் அந்த வடிவமைப்பை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

அந்த முகவரியை 'பிடி'க்குக் கொடுத்தேன். பூட்டை வைத்திருந்த ப்ராசஸ், செக்பாயிண்டின் நடுவே ஒரு பஃபர் (நினைவகத்தில் இருக்கும் தரவுத் துண்டு) வட்டில் எழுதப்பட்டு முடிவதற்காக உறங்கிக்கொண்டிருந்தது. 'பிஎஸ் -எம்' காட்டிய நேரப்படி, அது கடைசியாக ஓடியது மற்றவை முடங்குவதற்கு முன்பே. வட்டுகளின் நிலுவைக் கோரிக்கைகளைக் காட்டும் 'டெவ் -டி' கொடுத்தபோது, ஒரே ஒரு வட்டுக்கு மட்டும் அனுப்பிய கோரிக்கைகள் திரும்பாமல் நிலுவையில் இருந்தன.

ஆக, கோப்பு முறைமையில் பழுதில்லை; ஜர்னலும் தன் விதிப்படியே நடந்திருந்தது. அந்த வட்டின் பெயரையும் காத்திருந்த நேரத்தையும் ஸ்டோரேஜ் பிரிவினரிடம் கொடுத்தேன். அவர்கள் அந்த வட்டுக்குச் செல்லும் பாதையில் இருந்த பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். இப்போது ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்பின்போதும் அதற்குரிய டீபக் தொகுப்பையும் சேர்த்தே எடுத்துவைக்கிறோம்.