ரோமில் அம்மாவும் நானும்: சாப்பாட்டுக் கணக்கு

அக்டோபர் 8, 2025, புதன்

விமான டிக்கெட்டும் அறையும் எப்போதோ முடிந்துவிட்ட செலவு. ஊருக்குள் வந்த பிறகு கையை விட்டுப் போவதெல்லாம் சாப்பாட்டுக்குத்தான். அதனால் இந்தக் குறிப்பு முழுக்க அதைப் பற்றியே எழுதப்போகிறேன். அம்மாவோடு கிளம்புகிற யாருக்காவது பயன்படும்.

இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு 60 யூரோ என்று வைத்திருக்கிறேன். யூரோ இப்போது 100 ரூபாயைத் தாண்டி நிற்கிறது. அம்மா எந்த விலைப் பலகையைப் பார்த்தாலும் மனசுக்குள் நூறால் பெருக்கிவிடுகிறாள். பெருக்கட்டும், தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் "எனக்குப் பசிக்கல, நீ சாப்பிடு" என்று சொல்ல ஆரம்பித்தால் அந்தப் பட்ஜெட் யாருக்கு? "60 தாண்டாத வரைக்கும் நீயும் சாப்பிடணும், இதுதான் கண்டிஷன்" என்று சொல்லி வைத்தேன்.

அறை பியாத்சா வித்தோரியோ என்ற சதுக்கத்தின் பக்கம். சின்ன அடுப்பும் ஃபிரிட்ஜும் இருக்கின்றன. இந்த அடுப்புக்காகவே இதை எடுத்தேன்.

காலையில் கீழே இருக்கும் பாரில் நின்றுகொண்டே காப்பி. இங்கே பார் என்றால் காலையில் காப்பிக்கடைதான். கல்லாவில் முதலில் காசைக் கட்டி, சீட்டை வாங்கிக் கவுண்டரில் வைக்க வேண்டும். கப்புச்சீனோ 1.60, கொர்னெத்தோ என்ற பிறை வடிவ ரொட்டி 1.40. கொர்னெத்தோவில் முட்டை உண்டு, சுத்த சைவமான அம்மாவுக்கு ஆகாது. அறையில் ரொட்டி இருந்தது. சுவரில் விலைப் பட்டியல் இரண்டு வரிசையாக மாட்டியிருந்தது: கவுண்டரில் நின்றால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. ரோமில் பணம் போவது பெரும்பாலும் எதைச் சாப்பிடுகிறோம் என்பதால் இல்லை, எங்கே உட்கார்கிறோம் என்பதால்தான். முதல் காப்பியிலேயே அது தெரிந்துவிட்டது.

சாயங்காலம் சூப்பர் மார்க்கெட். பழத்தை நாமே எடைபோட்டு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு போக வேண்டும், கையுறை போடாமல் தொட்டால் பக்கத்தில் நிற்பவர் பார்க்கிற பார்வையே சரியில்லை. பால், தயிர், ரொட்டி, தக்காளி, திராட்சை எல்லாம் சேர்த்து 14 யூரோ. இரண்டு காலைக்குக் காணும்.

அக்டோபர் 9, வியாழன்

இந்த 2025 ஜூபிலி ஆண்டு, அதாவது கத்தோலிக்கர்களின் புனித ஆண்டு. யாத்திரிகர்கள் குழுக் குழுவாக வருகிறார்கள், பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன் முன்னால் நிற்க இடமில்லை. அந்தச் சதுக்கத்தில் மேசை போட்டிருக்கும் கடையில் கப்புச்சீனோ 6 யூரோ. இரண்டு சந்து தள்ளிப் போய் நின்று குடித்தால் அதில் கால்வாசிதான். கூட்டமும் அங்கே உள்ளூர் ஆபீஸ் ஆட்கள்.

ஒரு கடை வாசலில் மெனுவைப் படித்துக்கொண்டிருந்தோம். மீனுக்கு எதிரே 8 என்று போட்டிருந்தது. பொடி எழுத்தில் பக்கத்திலேயே: 100 கிராமுக்கு. ஒரு முழு மீன் 600 கிராம் இருக்கும், ஆக தட்டு 48 யூரோவுக்கு வந்து நிற்கும். எழுதித்தான் வைத்திருக்கிறார்கள், அதனால் சண்டைக்கும் போக முடியாது. அசைவம் சாப்பிடுகிறவர்கள் "எத்தோ" என்ற அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம்தான் அது. மீன் சொல்லும் முன் எடையைக் கேட்டுவிடுங்கள்.

மதியம் பீட்சா அல் தாலியோ. நீளமான தட்டுகளில் வகை வகையாக வைத்திருக்கிறார்கள், விலை கிலோ கணக்கு. கடைக்காரப் பெண் கத்திரிக்கோலை ஒரு இடத்தில் வைத்து, இவ்வளவு போதுமா என்று புருவத்தால் கேட்டாள். அம்மா கையைக் கொஞ்சம் நகர்த்திக் காட்டினாள். அவள் கத்திரிக்கோலை நகர்த்தினாள். "ஜவுளிக்கடையில ரவிக்கைத் துணி வெட்டுற மாதிரி இருக்கே" என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். தக்காளி மட்டும் போட்ட ரொஸ்ஸா கிலோ 14, அம்மாவுக்கு 280 கிராம், 3.92. எனக்கு உருளைக்கிழங்கு போட்டது, கிலோ 18, கால் கிலோ, 4.50. மொத்தம் 8.42. இரண்டு பேருக்கும் வயிறு நிறைந்தது.

ரொஸ்ஸா எதற்கென்றால், நேற்று ராத்திரி அம்மாவிடம் பாலாடைக்கட்டி பற்றிச் சொன்னேன். பெக்கோரீனோ ரொமானோ என்ற கட்டிக்குப் பாலைத் திரிய வைக்க, ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் என்ற நொதியைச் சேர்க்கிறார்கள். பார்மிஜானோவுக்குக் கன்றுக்குட்டியுடையது. சுத்த சைவக்காரர்களிடம் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சொல்லிவிட்டு முடிவை அவர்களிடம் விடுவதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. அம்மா ஒரு நிமிஷம் யோசித்து, "அப்போ சீஸ் வேண்டாம், தக்காளி இருக்குல்ல" என்றாள். "சென்த்சா ஃபொர்மாஜோ" என்று இப்போது அவளே சொல்கிறாள். சீஸ் வேண்டாம் என்பதற்கு அது போதும்.

தண்ணீருக்கு ஒரு காசு செலவில்லை. நசோனே எனப்படும் இரும்புக் குழாய்த் தூண்கள் ஊர் முழுக்க 2,000-க்கு மேல் நிற்கின்றன. 1874-இல் வைக்க ஆரம்பித்தவை. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். வளைந்த குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேலே இருக்கும் சின்ன ஓட்டை வழியே தண்ணீர் வில்லாக எழும்பும், அதிகம் குனியாமல் குடிக்கலாம். அம்மாவுக்கு முழங்கால் வலி, அவளுக்கு இது பெரிய உதவி. சில்லென்று நல்ல தண்ணீர். சுற்றுலா இடங்களில் சின்ன பாட்டிலுக்கு 2 யூரோ கொடுக்கிறவர்களைப் பார்த்தால் இழுத்து வந்து காட்டலாமா என்று இருக்கிறது.

அக்டோபர் 10, வெள்ளி

தெஸ்தாச்சோ. எனக்கு இந்த ஊரில் பிடித்த பகுதி இதுதான். 1975 வரை ரோமின் பெரிய ஆட்டுத்தொட்டி இங்கேதான் இருந்தது. நல்ல கறியெல்லாம் வசதியானவர்கள் வீட்டுக்குப் போக, மிஞ்சிய குடல், வால், ஈரல் எல்லாம் தொழிலாளர் வீட்டு அடுப்புக்கு வந்தன. இன்று ரோமின் பெருமையாகப் பேசப்படும் பல பதார்த்தங்கள் அந்த அடுப்புகளில் பிறந்தவை. இல்லாமையிலிருந்து இவ்வளவு ருசியைக் கண்டுபிடித்தவர்கள் மேல் எனக்கு உண்மையான மரியாதை.

பக்கத்தில் ஒரு குன்று இருக்கிறது. முழுக்க உடைந்த மண் ஜாடிகள். ஸ்பெயினிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் ரோமுக்கு எண்ணெய் வந்த ஜாடிகளைக் காலி செய்து, உடைத்து, நூற்றாண்டுக் கணக்கில் இங்கே அடுக்கியிருக்கிறார்கள். அம்மா அண்ணாந்து பார்த்து, "எவ்வளவு எண்ணெய் செலவாயிருக்கும்!" என்றாள். ஒரு ஊருக்கே சாப்பாடு போடுவது எவ்வளவு பெரிய வேலை என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

சந்தையில் அத்திப்பழம் வாங்கினோம். காய்கறிக் கடையில் நாம் கை வைக்கக் கூடாது, கடைக்காரர்தான் எடுத்துத் தருவார். "இன்றைக்கா, நாளைக்கா?" என்று கேட்டார். இன்றைக்கே சாப்பிடுவதென்றால் நன்றாகக் கனிந்தது, நாளைக்கென்றால் கொஞ்சம் கெட்டி. அம்மா இரண்டிலும் பாதிப் பாதி கேட்டாள். எனக்கு ஒரு திராப்பிட்சீனோ: முக்கோண ரொட்டிப் பையில் கோழிக்குழம்பு. 2008-இல் இந்தப் பேட்டையில்தான் பிறந்தது. வழக்கமான ரோமத் தெருத் தீனியான சுப்ளிக்குள் கறிக்குழம்பு கலந்திருக்கும், சைவக்காரர்கள் அரிசி உருண்டைதானே என்று வாங்கிவிட வேண்டாம்.

அப்புறம் ஒன்று. கார்டு மெஷின் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவைத்தான் அழுத்த வேண்டும். ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தில் நம் பணம் தேவையில்லாமல் கரையும்.

அக்டோபர் 11, சனி

எஸ்க்விலீனோ சந்தை. அறையிலிருந்து நடை தூரம். பச்சை மிளகாய், வெண்டைக்காய், கொத்தமல்லி, மசூர் பருப்பு, பாஸ்மதி எல்லாம் இருக்கிறது. நிறைய கடைகள் வங்காளதேசத்துக்காரர்களுடையவை. அம்மாவுக்கு வங்காள மொழி தெரியாது, கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்கலாமா என்று ஒருத்தி கேட்பதும் ஒருத்தர் தலையசைப்பதும் மொழி இல்லாமலே நடந்தது. 9 யூரோவுக்குள் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது: பருப்பு, வெண்டைக்காய், சாதம். மூன்று நாளாகக் கோதுமையே சாப்பிட்டவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

சேர்த்து வைத்ததைச் செலவு செய்யும் நாள். நேற்றே சொல்லிவைத்திருந்த தெஸ்தாச்சோ திராத்தோரியாவில், அதாவது எளிமையான உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடையில், ஒரு மணிக்கு மேசை. சுற்றிலும் தாத்தா பாட்டி பேரன் பேத்தியோடு உள்ளூர்க் குடும்பங்கள்.

பில்லை அப்படியே எழுதுகிறேன். ரொட்டி, ஆளுக்கு 2, ஆக 4. ரோம் இருக்கும் லாத்சியோ மாநிலத்தில் "கொப்பெர்த்தோ" என்ற மேசைக் கட்டணம் 2006-இலிருந்து கூடாது. அதற்குப் பதில் ரொட்டி என்று போடுகிறார்கள். வேண்டாமென்றால் வைக்கும்போதே திருப்பிவிடலாம், நாங்கள் சாப்பிட்டோம். தண்ணீர் பாட்டில் 2.50. அம்மாவுக்குத் தக்காளி ஸ்பகெத்தி, சீஸ் இல்லாமல், 11. எனக்கு காச்சோ எ பெப்பே, அதாவது சீஸும் மிளகும் போட்ட பாஸ்தா, 13. பூண்டும் காய்ந்த மிளகாயும் போட்டு வதக்கிய சிகோரிக்கீரை 6. உருளைக்கிழங்கு ரோஸ்ட் 6. காப்பி இரண்டு 3. மொத்தம் 45.50.

அந்தக் கீரையைச் சாப்பிட்டுவிட்டு அம்மா, "இது நம்ம ஊர்க் கீரை மாதிரி இல்ல, கொஞ்சம் கசக்குது, ஆனா நல்லாருக்கு" என்று இன்னொரு தட்டு கேட்டாள். இத்தனை நாளில் அவளாகக் கேட்ட முதல் சாப்பாடு. பில் 51.50 ஆனது. அவள் ரூபாயில் பெருக்கவில்லை. டிப்ஸ் இங்கே கட்டாயமில்லை, இருந்தாலும் சில்லறையாக இரண்டு யூரோ வைத்துவிட்டு வந்தோம்.

இப்படி ஒரு வேளைக்காகத்தான் மற்ற நாளெல்லாம் நின்று குடித்ததும் எடைபோட்டு வாங்கியதும். ரோமுக்கு வந்து எல்லா வேளையும் மிச்சம் பிடித்தே திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. ஞாயிறு மதியம் போக நினைத்தால் சனிக்கிழமையே மேசை சொல்லிவிடுங்கள். ஒரு மணிக்கு மேல் வாசலில் நின்ற இரண்டு குடும்பங்களுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.