அறுபத்தாறு வசனங்கள்

பழைய மாணவியர் சங்க மலரில் கல்லூரி நினைவு எழுதுபவர்கள் வலைப்பந்தாட்டம், விடுதிச் சாப்பாடு, பரிசளிப்பு விழா என்றுதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். அவற்றை என்னைவிட நன்றாக எழுதக் கூடியவர்கள் ரொறன்ரோவிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது, யாழ்ப்பாணத்து உடுவில் மகளிர் கல்லூரியில் எங்களுக்குக் கிறிஸ்தவ சமயம் படிப்பித்த ரீச்சரைப் பற்றி. பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது. என் வகுப்பாருக்குப் பெயர் தேவையும் இல்லை.

போரில் 1990 இல் மின்சாரம் போனது. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாம் அருமைப் பொருள்கள் ஆகிவிட்டன. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு எண்ணெய், ஒரு திரி. அதுதான் படிப்பு விளக்கு. பத்திரிகைகூடக் கோடு போட்ட கொப்பித் தாளில் வந்தது. பொம்மர் இரைச்சல் கேட்டால் பங்கருக்குள் இறங்குவோம். இறங்கியதும் யாராவது ஒருத்தி வேதாகமத்தின் தொண்ணூற்றோராம் சங்கீதத்தைத் தொடங்கிவிடுவாள். "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது." அந்த வசனம் வரும்போது எல்லோருடைய குரலும் உயரும்.

1995 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை, நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது குண்டு விழுந்தது. நவாலி எங்களுக்கு அயல் ஊர். பிறகு பாடசாலை கூடியபோது, ஜெபம் செய்ய எழுந்த ஒரு மாணவி, எங்களையும் எங்கள் வீடுகளையும் காத்ததற்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னாள். நல்ல ஜெபம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். வகுப்புக்கு வந்த ரீச்சர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"பிள்ளை, நவாலியில் இருந்தவர்களும் ஜெபித்துக்கொண்டுதான் இருந்தார்கள்" என்றார் கடைசியில். "உங்கள் நன்றியை அவர்களுடைய தாய்மார் கேட்டால் என்ன நினைப்பார்கள்?"

அதே தொண்ணூற்றோராம் சங்கீதத்தைத்தான், சோதனையின்போது பிசாசும் இயேசுவுக்கு எடுத்துக்காட்டினான் என்று மத்தேயு நான்காம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினார். பங்கருக்குள் அதைச் சொல்ல வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதை வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டாம் என்றார்.

பின் வேதாகமத்தின் புலம்பல் புத்தகத்தில் மூன்றாம் அதிகாரத்தைத் திறக்கச் சொன்னார். "உமது உண்மை பெரிதாயிருக்கிறது" என்ற இருபத்துமூன்றாம் வசனம் எங்கள் வீட்டு வசன நாட்காட்டியில் பூக்கள் சூழத் தொங்கியது. அது பாபிலோனியர் எரித்த எருசலேமின் சாம்பலில் இருந்து வந்த பாட்டு என்பது எனக்கு அன்றுதான் தெரியும். "நான் கூப்பிட்டுக் கதறினாலும், என் ஜெபத்துக்கு வழியை அடைத்துப்போட்டார்" என்று எட்டாம் வசனம் சொல்கிறது. அதே வாய்தான் இருபத்துமூன்றாம் வசனத்தையும் சொல்கிறது. அதற்குப் பிறகாவது அழுகை நின்றதா என்றால் அதுவும் இல்லை. மேகத்தால் உம்மை மூடிக்கொண்டீர் என்று மறுபடியும் முறைப்பாடு. நாட்காட்டிக்காரர் எட்டாம் வசனத்தை அச்சடிக்க மாட்டார் என்று ரீச்சர் சிரித்தார். 1824 இல் நமது கல்லூரியைத் தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் ஒன்பதாவது ஆண்டிலேயே இறந்துபோனதையும் அன்று நினைவுபடுத்தினார். அவரைக் கர்த்தர் கைவிட்டாரா என்று கேட்டார். பதில் சொல்லாமலே மணியடித்துவிட்டது.

அதே ஆண்டு ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்ததைப் பற்றி நம்மவர் நிறையவே எழுதிவிட்டார்கள். மழை, நாவற்குழிப் பாலம், லட்சக்கணக்கான சனம், உருட்ட முடியாத சைக்கிள்கள். தென்மராட்சியில் நாங்கள் ஒதுங்கிய வளவில், அடுத்த தாழ்வாரத்தில் ரீச்சரின் குடும்பம் இருந்தது. எல்லோருக்கும் ஒரே கிணறு. விடியுமுன் வாளிக்கு வரிசை கட்டுவோம். அதற்கும் முன்பே அவர் ஜெபித்து முடித்திருப்பார்.

"உங்களுக்கு இன்னமும் விசுவாசம் இருக்கிறதா, ரீச்சர்?" என்று அம்மா ஒருநாள் கேட்டுவிட்டார். கோபமும் இருந்தது அந்தக் கேள்வியில்.

"காலையில் இருக்கிறது, அக்கா. பின்னேரம் ஆக ஆகக் குறைந்துவிடும். அதனால்தான் வெள்ளென எழும்புகிறேன்."

அம்மா அதற்குப் பிறகு அவரோடு சேர்ந்து எழும்பத் தொடங்கினார்.

இங்கே சபையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தால் எனக்கு ரீச்சர் ஞாபகம்தான் வரும். விசா கிடைத்தது, வீடு அமைந்தது, மகனுக்குப் பல்கலைக்கழக அனுமதி வந்தது, ஆகவே தேவன் உண்மையுள்ளவர். மகிழ்ச்சியான செய்திகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பின்வரிசையில் விசா மறுக்கப்பட்டவர் ஒருவர் இருப்பார். அவருடைய தேவனும் இவரேதான். வாக்குத் தவறாதவர் என்று அவரும் பாடுகிறாரே, அந்தச் சாட்சியைக் கேட்க ஒருவரும் ஒலிவாங்கி கொடுப்பதில்லை.

இவ்வாண்டு நம் சங்கத்தின் ஸ்தோத்திர ஆராதனையில் வேதபாடம் வாசிக்க என்னைக் கேட்டிருக்கிறார்கள். புலம்பல் மூன்றாம் அதிகாரம் என்றதும் செயற்குழுவுக்கு மெத்தச் சந்தோசம். முழு அதிகாரமும் என்று சொன்னபோதுதான், அறுபத்தாறு வசனம் அதிகமல்லவா, இருபத்திரண்டும் இருபத்துமூன்றும் போதாதா என்று பதில் வந்தது. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். எட்டாம் வசனத்தில் இருந்தாவது தொடங்க விடுவார்கள் என்று நினைக்கிறேன்.