இடமிருந்து வலமாக

பாளையங்கோட்டையில் ஆண்டுக் கணக்குக்குப் பஞ்சமே இல்லை. ஊரார் பாப்பாத்தி கோயில் என்று சொல்லும் குளோரிந்தா ஆலயம் 1785. யோவான் கல்லூரி 1878, சாராள் தக்கர் 1895, சவேரியார் 1923. இவையெல்லாம் கல்வெட்டிலும் ஆண்டு மலரிலும் பத்திரமாக இருக்கின்றன. அந்தக் கட்டடங்களுக்குள் நடமாடியவர்களின் பெயர்கள்தாம் இல்லை. ஒரு நிறுவனத்தில் பழைய பதிவேடுகளை எடைக்குப் போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்ட அன்று, பழைய மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்து, வீடுகளில் கிடக்கும் புகைப்படங்களைத் திரட்டக் கிளம்பினோம்.

முதல் மாதம் வீண். "பழைய படம் இருக்கிறதா?" என்று கேட்டால், "அதெல்லாம் எங்கே அண்ணாச்சி இருக்கிறது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "உங்கள் அப்பா ஹாஸ்டலில் எடுத்த குரூப் போட்டோ எங்கே?" என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான், கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டிகள் பாச்சா உருண்டை வாசனையோடு வெளியே வந்தன. போவதற்கு நல்ல நேரம் மாலை நான்கு மணி. காப்பியும் கிடைக்கும்.

ஒரு பெரிய தப்பும் செய்தேன். பசைத் தாள் ஆல்பத்திலிருந்து ஒரு படத்தை உரித்தபோது, ஒரு மாணவரின் பாதி முகம் தாளோடு போய்விட்டது. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு ஆல்பத்தை அப்படியே ஜன்னலோரம் வைத்து, விளக்கை அணைத்துவிட்டு, மேலிருந்து நேராகப் படம் பிடித்தோம். தனிப் படங்களை அந்த வீட்டிலேயே 600 டிபிஐயில் ஸ்கேன் செய்துவிடுவோம். "நாளைக்குத் தருகிறேன்" என்று யாரோ எப்போதோ வாங்கிப் போனதால் எங்களுக்குத் திறக்காத கதவுகள் உண்டு.

ஆண்டு குறிக்காத படங்களில் அட்டை மூலையில் உள்ள ஸ்டூடியோ முத்திரையைப் பார்ப்போம். "டின்னவெல்லி பிரிட்ஜ்" என்றிருந்தால் மிகப் பழசு. 1843-இல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தை வைத்து திருநெல்வேலி ஜங்ஷன் ஸ்டேஷனுக்கு அந்நாளில் இருந்த பெயர் அது.

சமாதானபுரத்து ஆச்சி ஒருவரின் கணவர் ஹாஸ்டல் வார்டனாக இருந்தவர். அவர் வீட்டுப் படத்தின் கீழே "இடமிருந்து வலமாக" என்று பெயர்கள் அச்சாகியிருந்தன. பின்வரிசைக்குப் பதினொரு பெயர். எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு தலை. ஆச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இது கணக்குச் சார்வாள்" என்று விரலை நகர்த்திக்கொண்டே வந்து, வலது ஓரத்தில் நிறுத்திச் சிரித்தார்.

"இவர் மெஸ்ஸில் ரசம் வைப்பவர். படம் எடுக்கிறார்கள் என்றதும் அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டார். கையைப் பாருங்கள்."

பெரிதாக்கிப் பார்த்தோம். முதுகுக்குப் பின்னால் மறைத்த கரண்டியின் காம்பு, இடுப்போரம் நீட்டிக்கொண்டிருந்தது.

"பெயர் என்ன ஆச்சி?"

"ரசத்து அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் மகள் மேலப்பாளையத்தில் இருக்கிறாள்."

பேனா மை முன்பக்கம் ஊறிவிடும் என்பதால், மெல்லிய பென்சிலால் அட்டையின் பின்னால் எழுதினோம்: பின்வரிசை, வலது ஓரம், ரசத்து அண்ணாச்சி, சொந்தப் பெயர் கேட்க வேண்டும். சனிக்கிழமை மேலப்பாளையம் போகிறோம்.