'வேண்டும்' என்றாரா, 'வேண்டாம்' என்றாரா?

பேச்சிழந்தவர் சொல்ல முயலும் வாக்கியத்தை மூளையில் பதித்த மின்முனைகள் அப்படியே படித்துவிடுகின்றன என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நடுவே இரண்டு கட்டங்கள் உண்டு. அறச்சிக்கல் இரண்டாவதில் இருக்கிறது.

நாக்கையும் உதட்டையும் இயக்கும் மூளைப்பகுதியில் நியூரான்களின் துடிப்பை மின்முனைகள் பிடிக்கின்றன. எந்தக் கணத்தில் எந்த ஒலி வந்திருக்கலாம் என்று, அந்தத் துடிப்பை ஒலியாகப் பெயர்க்கும் மென்பொருளான டிகோடர் நிகழ்தகவு தருகிறது. அந்த மங்கலான ஊகத்தை வாக்கியமாக்குவது, ஏராளமான உரைகளில் பழக்கிய 'மொழி மாதிரி' (language model) என்னும் மென்பொருள். எந்தச் சொல்லுக்குப் பின் எது வழக்கமாக வரும் என்று பார்த்து இடைவெளியை அதுவே நிரப்புகிறது.

2023இல் ஸ்டான்ஃபோர்டு குழு 1,25,000 சொற்களைக் கொண்ட தொகுதியில் நிமிடத்துக்கு 62 சொற்களை எட்டியது; சொற்பிழை 23.8%. மறு ஆண்டே, 256 மின்முனைகளுடன், கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் குழு ஏ.எல்.எஸ். (தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும் நோய்) நோயாளி ஒருவரிடம் 97.5% துல்லியம் கண்டது. மகத்தான முன்னேற்றம். ஆனால் மிச்சமுள்ள பிழை குழறலாக வருவதில்லை, சரளமான வாக்கியமாக வருகிறது. குழறினால் எதிரில் இருப்பவர் திருப்பிக் கேட்பார். சரளமாக வந்தால் நம்பிவிடுவார்.

'சிகிச்சை வேண்டாம்', 'சிகிச்சை வேண்டும்': வேறுபாடு கடைசி அசையில் மட்டும். அங்கே சமிக்ஞை பலவீனமானால், மொழி மாதிரி அதிகம் பார்த்த சொல்லே வெல்லும். ஊர்ப்பெயர், வட்டார வழக்கு, வசைச்சொல் எல்லாம் இதேபோல் நழுவும். போதாதற்கு, நாளுக்கு நாள் சமிக்ஞை மாறுவதால் டிகோடரை மறுபடி பழக்க வேண்டியிருக்கிறது. மாதிரி திருத்திய வாக்கியத்தையே சரியான விடையாக வைத்துப் பழக்கும் முறையும் உண்டு. அதில் கவனிக்காமல் விட்ட பிழை பாடமாகிவிடும்.

எனவே சிகிச்சை ஒப்புதல், உயில், வாக்குமூலம் போன்றவற்றில் மொழி மாதிரியின் செல்வாக்கைக் குறைத்தே ஆக வேண்டும். முதல் மூன்று ஊகங்களையும் திரையில் காட்டி, கண்ணசைவு போன்ற தனி வழியில் உறுதி பெற்ற பிறகே குரலாக்க வேண்டும். மாதிரி கைவைக்கும் முன்பிருந்த ஒலி நிகழ்தகவுகளையும் சேமிக்க வேண்டும், ஆனால் அவை நோயாளியின் உடைமையாக. இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

சொல்ல விரும்பாத உள்பேச்சு கசிவது இன்னொரு கவலை. மனத்துக்குள் ஒரு கடவுச்சொற்றொடரை நினைத்தால் மட்டும் டிகோடர் விழிக்கும் ஏற்பாட்டை 2025இல் ஸ்டான்ஃபோர்டு குழு சோதித்தது. 98 சதவீதத்துக்கு மேல் சரியாக இயங்கியது. இதைக் கூடுதல் வசதியாக விற்காமல், தொடக்கத்திலிருந்தே எல்லாக் கருவியிலும் வைக்க வேண்டும்.