மானுக்கு எட்டாத உயரம்

டெக்சாஸின் ஹில் கன்ட்ரிப் பகுதியில் நிலம் வாங்க நினைக்கும் தமிழ்க் குடும்பங்கள் அவ்வப்போது எங்களை அழைத்து விவரம் கேட்கின்றன. கிணறு எத்தனை அடி, வரி எவ்வளவு, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்பவைதான் பெரும்பாலும் கேள்விகள். நான் முதலில் சொல்வது, நிலத்தைச் சுற்றிப் பார்க்கும்போது ஓக் மரங்களின் அடிப்பக்கத்தைப் பாருங்கள் என்பதுதான். கீழ்க்கிளைகள் எல்லாம் நாலைந்து அடி உயரத்தில் கத்தரித்து விட்டதுபோல் ஒரே மட்டமாக நிற்கின்றனவா? அதற்குக் கீழே பச்சை என்று ஒன்றுமே இல்லையா? அப்படியானால் அங்கே மான் மிதமிஞ்சிப் பெருகியிருக்கிறது. அதன் வாய் எட்டுகிற உயரம் அது. விற்கிறவர் பூங்கா மாதிரி இருக்கிறது என்பார். உண்மையில் அங்கே கிழட்டு மரங்கள் மட்டுமே மிச்சம். முளைக்கிற கன்று இரண்டு இலை விட்டதும் மானுக்கு இரையாகிவிடுகிறது.

நாங்கள் இருப்பது கிம்பிள் கவுன்டியில், ஜங்ஷன் என்ற சிற்றூரிலிருந்து சற்றுத் தள்ளி. சான் அன்டோனியோ இங்கிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். என் கணவர் மென்பொருள் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறார். பிள்ளைகள் இருவரையும் வாசல் கேட் வரைக்கும் வண்டியில் கொண்டுபோய்ப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டால், மாலை வரைக்கும் நிலம் என் பொறுப்பு. 120 ஏக்கர் சுண்ணாம்புக்கல் சரிவு. இந்த வட்டாரத்தில் அது சின்ன நிலம்.

நான் காங்கயத்துப் பக்கம் பிறந்தவள். எங்கள் அப்பாவுக்குக் கொறங்காடு உண்டு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், அடியில் கொழுக்கட்டைப் புல், அதில் மேயும் காங்கயம் மாடும் செம்மறியும். மழை குறைந்த மண்ணில் ஒரு காட்டை மேய்ச்சலுக்கு விட்டு, அடைத்து, புல் தலையெடுத்த பிறகு மறுபடி திறந்துவிடுகிற கணக்கு எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். அந்தத் தைரியத்தில்தான் இந்த நிலத்தில் காலை வைத்தோம். மாட்டையும் ஆட்டையும் அடைக்கத் தெரிந்த எனக்கு, வேலியைத் தாண்டி வந்து போகும் மானை அடைக்க வழியில்லை என்பது இங்கே வந்த பிறகுதான் உறைத்தது. மான் குறையாமல் புல்லும் மரமும் திரும்பாது. மான் குறைய வேண்டுமானால் வேட்டையாட வேண்டும். இந்த ஊரில் துப்பாக்கியும் மண்வெட்டி வைக்கிற கொட்டகையைச் சேர்ந்த பொருள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இது ஏன் இப்படி ஆயிற்று என்பதைச் சொல்லியாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் முள்கம்பி வந்து, ஆடு மாடுகளை அளவுக்கு மேல் அடைத்து மேய்த்ததில் உயரப் புல் போயிற்று. புல் போனதால் அவ்வப்போது பரவும் காட்டுத்தீயும் நின்றது. தீ கட்டுப்படுத்தி வைத்திருந்த ஆஷ் ஜூனிப்பர் மரம், இங்குள்ளவர்கள் கெடர் என்று அழைப்பது, ஓடைக்கரையை விட்டு மேடெல்லாம் ஏறியது. இன்னொரு பக்கம், ஓநாய் அற்றுப்போயிற்று. பிறந்த குட்டியின் தொப்புள் புண்ணில் முட்டையிட்டு அதைக் கொன்றுவந்த திருகுப்புழு ஈயை 1960களில் ஒழித்தார்கள். கால்நடை வளர்த்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. மான்குட்டிகளும் பிழைத்துக்கொண்டன. வெண்வால் மான் நிலம் தாங்காத அளவுக்குப் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

வேட்டை என்றால் எங்கள் தலைமுறைக்குக் குற்றம். 1972இல் இந்தியாவில் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பிறந்தவர்கள் நாங்கள். கோயில் கிடாய் வெட்டுக்குக் கூசாத என் கை துப்பாக்கியைத் தொடக் கூசியது. அந்தக் கூச்சத்தைப் போக்கியது வேட்டைக் கல்வி வகுப்பு. 1971 செப்டம்பர் 2ஆம் தேதியோ அதற்குப் பின்போ பிறந்தவர்கள் டெக்சாஸில் வேட்டையாட அந்த வகுப்பை முடித்தாக வேண்டும். அதில் அதிகம் சொல்லித் தந்தது எப்போது சுடக் கூடாது என்பதைத்தான். மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதே. மேட்டு விளிம்பில் வானத்தை ஒட்டி நிற்கும் மானைச் சுடாதே, குண்டு மேட்டைத் தாண்டிப் போய்விடும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் விலாவின் இடம் தெளிவாகத் தெரியாவிட்டால் விரலை எடு. நானும் கணவரும் மகளும் சேர்ந்தே படித்தோம்.

பொதுப் பருவம் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்குகிறது. சூரியன் உதிப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து சுடலாம், மறைந்த அரை மணி நேரத்துக்குப் பின் கூடாது. மகள் முதலில் எடுத்தது ஒரு பெட்டை மான். இனப்பெருக்கம் குறைய வேண்டுமானால் கொம்பைப் பார்த்துப் பயனில்லை, பெட்டையைத்தான் எடுக்க வேண்டும். குடிசைபோன்ற மரக்கூண்டுக்குள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மான் பக்கவாட்டில் திரும்பும்வரை, அது தலையை இரண்டு முறை தூக்கிக் காற்றை மோந்த பிறகும், அவள் பொறுத்திருந்தாள். விழுந்த மானிடம் போனதும் அழுதாள். அழுகையோடுதான் உரிமச்சீட்டிலிருந்து குறிச்சீட்டைப் பிரித்து, மாதத்தையும் தேதியையும் கத்தியால் வெட்டி எடுத்து மானில் கட்டினாள். கொன்ற உடனே அதைக் கட்டிவிட வேண்டும் என்பது சட்டம். உண்ணத் தகுந்த கறியை வீணடிப்பதும் இங்கே குற்றம். வெண்வால் மான் கறியை விற்கவும் கூடாது. இந்த மூன்று விதிகளும் எனக்கு மிகவும் பிடித்தவை. உயிரை எடுப்பவர் அதற்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

கறியில் ஒரு பங்கு உப்புக்கண்டமாகிறது. மான் கொழுப்பு மெழுகுபோல் அண்ணத்தில் ஒட்டும், அதைத் துளியும் விடாமல் சீவி எடுத்துவிட வேண்டும். பிறகு கறியை நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசிறி, நூலில் கோத்துக் கொடியில் கட்டுகிறேன். டிசம்பர் வறண்ட காற்றில் நன்றாகவே காய்கிறது. வீட்டுக்குத் தேவையானது போக மிஞ்சும் மானை, பசித்தவர்களுக்குக் கறி சேர்க்கும் 'ஹன்டர்ஸ் ஃபார் தி ஹங்கிரி' திட்டத்தில் உள்ள கறிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுகிறோம்.

மானை எடுப்பதால் நிலத்தில் என்ன மாறுகிறது என்று பார்க்கக் கம்பிவலையில் வட்டக் கூண்டுகள் செய்து சரிவில் அங்கங்கே நட்டோம். ஆள் உயரம், இரண்டு கை விரித்த அகலம். கூண்டுக்குள் வேறு ஒன்றும் செய்யவில்லை, மான் வாய் வைக்காமல் தடுத்தோம், அவ்வளவுதான். முதல் வசந்தத்திலேயே உள்ளே ஸ்பானிஷ் ஓக் கன்றுகள் முளைத்தன. விரல் கனத் தண்டு, அதில் ஆழமாக வெட்டுண்ட செம்பச்சை இலைகள். வெளியே ஒரு சாண் தள்ளி அதே ஓக்கின் அடிக்கட்டை தரையோடு தரையாக மேயப்பட்டுக் கிடந்தது. வேர் உயிரோடு இருந்தும் ஒவ்வொரு ஆண்டும் துளிர் மட்டும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இந்த ஒரு காட்சியை நேரில் பார்த்த பிறகுதான் என் கணவர் வேட்டைக்கு மனம் ஒப்பினார்.

எத்தனை மான் எடுக்கலாம் என்பதைக் கண்மதிப்பாக முடிவு செய்ய முடியாது, எண்ண வேண்டும். கோடை முடிவில், வனக்காவலருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, இரவில் ஒரே தடத்தில் மெதுவாக வண்டி ஓட்டுகிறோம். மகள் வண்டியின் பின்தட்டில் நின்று விளக்கடிப்பாள். மகன் ஆண், பெட்டை, குட்டி என்று தனித்தனியாகக் கோடு போடுவான். மைலில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்ததும் நின்று, இரு பக்கமும் எவ்வளவு தூரம் பார்வை போகிறது என்று அளந்து குறிப்போம். பார்த்த ஏக்கரைக் கணக்கிட அதுதான் வழி. பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய கொண்டாட்டம் ஆண்டில் வேறு இல்லை.

இந்தக் கணக்கு வரிக்கும் உதவுகிறது. 1995இல் டெக்சாஸ் வாக்காளர்கள் அரசியல் சட்டத் திருத்தம் ஒன்றை ஏற்றதால், ஏற்கெனவே விவசாய மதிப்பீட்டில் உள்ள நிலத்தை வனவிலங்கு மேலாண்மைக்கு மாற்றினாலும் அதே குறைந்த வரி தொடர்கிறது. வாழிடம், மண்ணரிப்பு, கொன்றுண்ணிகள், தண்ணீர், தீவனம், தங்குமிடம், கணக்கெடுப்பு ஆகிய ஏழில் மூன்றையாவது உண்மையாகச் செய்ய வேண்டும். வாங்கும்போதே நிலம் எந்த மதிப்பீட்டில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கெடர் வெட்டுகிற வேலையில் எங்களுக்குக் கைகொடுத்தவர் அப்பா. குளிர்காலத்தில் வந்தால் மாதக்கணக்கில் தங்குவார். ஆஷ் ஜூனிப்பரைத் தரையோடு அறுத்தால் மறுபடி துளிர்க்காது. செம்பழ ஜூனிப்பர் துளிர்த்துவிடும், அதைக் கிழங்குபோல் பருத்த அடியோடு தோண்டி எடுக்க வேண்டும். பழத்தின் நிறத்தைப் பார்த்து எது எது என்று பிரிக்க அவர் வந்த வாரத்திலேயே பழகிவிட்டார். வெட்டிய கிளைகளைக் குவித்துக் கொளுத்துவதுதான் இங்கே வழக்கம். அப்பா சம்மதிக்கவில்லை. "மாப்பிள்ளை, தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்" என்று சொல்லி, சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் கிளைகளை வரிசையாகக் கிடத்தி, சிற்றோடைகளில் கற்களை அடுக்கச் செய்தார். ஒரு கல் உயரத்துக்கு மேல் அடுக்க விடவில்லை. அடுத்த பெருமழையில் ஒவ்வொரு வரிசைக்கும் மேல்பக்கம் கருமண் தங்கியது. அதில் நாங்கள் தூவிய சைட்ஓட்ஸ் கிராமா முளைத்தது. ஒரே பக்கம் கதிர் தொங்கும் இந்தப் புல் 1971 முதல் டெக்சாஸின் மாநிலப் புல். லிட்டில் புளூஸ்டெம் என்ற இன்னொரு உள்ளூர்ப் புல் தானாகவே வந்தது. ஜான்சன் சிட்டிக்கு அருகில் டேவிட் பாம்பர்கர் என்ற தொழிலதிபர் 1969இல் வாங்கிய 5,500 ஏக்கர் பாழ்நிலத்தில் கெடரை நீக்கிப் புல் வளர்த்தே வற்றிய ஊற்றுகளை மீட்டார். எங்கள் சரிவில் ஊற்று எதுவும் கிளம்பவில்லை. குட்டைக்கு வரும் தண்ணீர் மட்டும் முன்போல் சேறாக வருவதில்லை.

எல்லாக் கெடரையும் வெட்டவும் கூடாது. வடக்குப் பள்ளத்தில் இருக்கும் முதிய மரங்களை நாங்கள் தொடுவதில்லை. அவற்றின் பட்டை நாராக உரிந்து தொங்கும். கோல்டன் சீக்ட் வார்ப்ளர் என்ற மஞ்சள் கன்னக் குருவி அந்த நாரைச் சிலந்தி வலையோடு சேர்த்துப் பின்னித்தான் கூடு கட்டுகிறது. அது குஞ்சு பொரிப்பது உலகத்திலேயே டெக்சாஸில் மட்டும். 1990 முதல் அழியும் நிலை உயிரினப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ரம்பத்துக்கு ஓய்வு. ஓக் கிளையை மட்டும் பிப்ரவரியிலிருந்தே ஜூன் வரை அறுக்கக் கூடாது. வாடல் நோய்ப் பூசணத்தைச் சுமக்கும் வண்டுகள் அப்போதுதான் புது வெட்டுக்காயத்தைத் தேடி வரும். மற்ற மாதங்களில் அறுத்தாலும் காயத்தின் மேல் உடனே பெயின்ட் பூசிவிட வேண்டும்.

காட்டுப்பன்றியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நிலக்கடலை போட்ட எந்தத் தமிழ் விவசாயிக்கும் அது தெரியும். தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதியோடு பன்றி வேட்டைக்கு 2019 முதல் உரிமமே தேவையில்லை. ஒன்றைச் சுட்டால் மற்றவை சிதறி அறிவு தெளிந்துவிடும். பெரிய பட்டி அமைத்து, சில வாரம் மக்காச்சோளம் போட்டுப் பழக்கி, கூட்டம் முழுவதும் உள்ளே வந்த பிறகே கதவைப் போடுகிறோம். மனிதருக்கும் தொற்றும் புருசெல்லா கிருமி இருக்கலாம் என்பதால் அறுக்கும்போது ரப்பர் கையுறை கட்டாயம்.

வீட்டுக்குள் தீராத வழக்கு புள்ளிமான். நம் முதுமலைப் புள்ளிமானேதான். 1932இல் டெக்சாஸுக்குக் கொண்டுவரப்பட்டு, வேலி தாண்டிப் பெருகி, இன்று லானோ ஆற்றங்கரை நெடுகத் திரிகிறது. புதர்த்தழை தீர்ந்தால் அது முற்றிய புல்லுக்கு மாறிக்கொள்ளும். வெண்வால் மானின் வயிறு அந்தப் புல்லைச் செரிக்காது. பஞ்சத்தில் மண்ணின் மானே பட்டினி கிடக்கிறது. அயல் விலங்கு என்பதால் புள்ளிமானுக்கு வேட்டைப் பருவமும் கிடையாது, ஆண்டு முழுவதும் சுடலாம். அம்மாவோ, "சீதை ஆசைப்பட்ட மான், அதைச் சுடலாமா அம்மணி?" என்கிறார். அம்மா இங்கே இருக்கும் மாதங்களில் நாங்கள் புள்ளிமானை எடுப்பதில்லை. அவர் ஊருக்குத் திரும்பியதும் எடுக்கிறோம், அதுவும் அவருக்குத் தெரியும். இதே கண்ணோட்டத்தில் எங்கள் ஊரை நினைத்தால், அங்கே கண்மாய்களை மூடிய சீமைக்கருவேலம் இங்குள்ள மெஸ்கீட் மரத்தின் நெருங்கிய உறவு. எங்கள் கொறங்காட்டைத் தாங்கும் கொழுக்கட்டைப் புல்லைத் தெற்கு டெக்சாஸில் சொந்தப் புற்களை அழிக்கிறது என்று ஒழிக்கப் பாடுபடுகிறார்கள். எந்த உயிரும் தன்னளவில் கெட்டதில்லை. அது எந்த மண்ணில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் முடிவெடுக்கிறேன்.

மகனுக்கு இந்த ஆண்டு ஒன்பது வயது நிறைகிறது. வேட்டைக் கல்விச் சான்று பெற அதுதான் குறைந்தபட்ச வயது. புதிய உரிம ஆண்டு செப்டம்பர் 1இல் தொடங்குவதற்குள் வகுப்பை முடித்துவிட வேண்டும் என்று கேள்வித்தாள்களை இப்போதே மேசையில் பரப்பி வைத்திருக்கிறான். பொதுப் பருவத்துக்கு முந்தைய வார இறுதி சிறுவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. துப்பாக்கியைக் கையால் தொடாத அவனுடைய அப்புச்சி, அந்த வாரத்துக்கு முன்பே வந்து சேரும்படி டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கிறார்.