கடலோர ஆய்வகத்தில் நானோ கம்பியை அளக்கும்போது

புதுச்சேரியை அடுத்த காலாப்பட்டில் கடல் கூப்பிடு தூரம். ஐப்பசி, கார்த்திகையில் ஏசி அறைக்குள்ளும் உப்பு ஈரம் ஏறிவிடும். நானோமீட்டர் தடிமனுள்ள நானோ கம்பியையும், இரு உலோக முனைகளை ஒற்றை மூலக்கூறு இணைக்கும் மூலக்கூறு சந்தியையும் அளப்பவர் மாதிரியைச் சந்தேகிக்கும் முன் இந்த ஈரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

முதலில் அளவீட்டுக் கம்பிகளை இணைக்கும் செப்பு முனைகள். சுத்தமான செம்பு செம்பைத் தொட்டால் ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 0.2 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் பிறக்காது. இடையில் ஆக்சைடு படிந்தால் 1000 மைக்ரோவோல்ட் வரை போகும். 100 ஓம் கம்பியில் 1 மைக்ரோஆம்பியர் விட்டால் கிடைப்பதே 100 மைக்ரோவோல்ட். ஏசி ஓடி நிற்கும்போது முனையில் 0.1 டிகிரி மாறினால் போதும், பொய்யும் மெய்யும் சம அளவாகிவிடும். முனையைப் பளபளப்பாகத் தேய்த்து, கரண்டின் திசையைத் திருப்பித் திருப்பி விட்டு, இரு அளவீடுகளின் வித்தியாசத்தில் பாதியை எடுக்க வேண்டும். கருவியில் மின்வழி அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் நம் ஊர் மின்சாரத்துக்கேற்ப 50 ஆக மாற்றிவிடுங்கள்.

கரண்டைக் கூட்டிச் சிக்னலைப் பெரிதாக்கலாம் என்று தோன்றும். 50 நானோமீட்டர் அகலமும் தடிமனும் உள்ள தங்கக் கம்பியில் 1 மில்லிஆம்பியர் என்பது சதுர சென்டிமீட்டருக்கு 4 கோடி ஆம்பியர். அணுக்களே இடம்பெயர்ந்து கம்பி அறுந்துபோகும்.

மூலக்கூறில் சிக்கல் வேறு. ஒற்றைத் தங்க அணுத் தொடர்பின் மின்தடை சுமார் 12.9 கிலோஓம், எட்டு கார்பன் சங்கிலியான ஆக்டேன்டைதயால் மூலக்கூறில் அது ஏறத்தாழ 50 மெகாஓம். சங்கிலியில் ஒரு கார்பன் கூடினால் சுமார் இரண்டரை மடங்கு ஏறும். மாதிரியைத் தாங்கும் பலகையில் கைரேகை பட்டு, ஈரத்தில் அதன் மின்தடை 1 கிகாஓமுக்கு இறங்கினால், நீண்ட மூலக்கூறுகளில் நாம் அளப்பது பலகையைத்தான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, உலர் நைட்ரஜன் ஊதி, டிரையாக்ஸியல் (இரு உறைகள் கொண்ட) கேபிளின் நடு உறையை உள் கம்பியின் அதே மின்னழுத்தத்தில் (guard) வைத்தால் கசிவு அடங்கும்.

வெப்பத்துக்கு இந்தத் தந்திரம் எளிதில் கைகொடுக்காது. மின்கடத்துத்திறனில் உலோகத்துக்கும் காப்புப் பொருளுக்கும் பத்தின் அடுக்குகளில் இருபதுக்கு மேல் இடைவெளி உண்டு. வெப்பக் கடத்துத்திறனில் நான்கைந்து அடுக்குதான். எந்தத் தாங்கியும் வெப்பத்தைக் கசியவிடும். அறை வெப்பநிலையில் வெப்பக் கடத்தலின் குவாண்டம், அதாவது ஒரு தனிப் பாதை கடத்தக்கூடிய உச்ச அளவு, கெல்வினுக்கு சுமார் 284 பிகோவாட். 2019-இல் அளக்கப்பட்ட ஒற்றை ஆல்கேன் மூலக்கூறோ 20 பிகோவாட் அளவுதான். மிஞ்சிய காற்றே அதைவிட அதிகம் கடத்திவிடும். ஆகவே மாதிரி இருக்கும் வெற்றிடக் கலத்தில் அழுத்தம் ஒரு மில்லிபாரில் லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே போயாக வேண்டும்.

அதைத் தடுப்பது கலத்தின் உட்சுவரில் ஒட்டிய நீர். கலத்தைத் திறக்கும்போது வெளிக்காற்றை விடாமல் உலர் நைட்ரஜனை விடுங்கள். மூடியபின் ரப்பர் வளையங்கள் தாங்கும் அளவுக்குச் சூடேற்றுங்கள். அடைமழை நாளில் ஒரு மாதிரிக்காக மட்டும் மூடியைத் திறக்காமல், காத்திருக்கும் மற்றவற்றையும் கம்பி இணைத்துத் தயாராக வைத்து ஒன்றாக ஏற்றினால், பம்ப் ஓடும் ஒரு முழு இரவு மிச்சமாகும்.